பூச்சி அறையில் வந்த இருமல்

செண்பகனூருக்குச் சற்று மேலே, பேரிக்காய் மரங்களுக்குப் பின்னால் இருந்த ஓட்டுக் கட்டடத்தில் எங்கள் பூச்சி அறை இருந்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. முட்டைக்கோஸ் புழுவை ஒழிக்க அங்கே விவசாய இலாகாவினர் குளவி வளர்த்தார்கள். எள்ளைவிடச் சிறிய குளவி, யாரையும் கொட்டாது. பூச்சிகளின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டுவிடும். புழு வரவேண்டிய முட்டையிலிருந்து குளவி வரும்.

அந்தக் குளவிக்கு முட்டை கொடுக்க இன்னொரு பூச்சி வேண்டும். அரிசி மூட்டையில் பறக்குமே, சாம்பல் நிற அந்து, அதை உடைத்த கம்பு நிரப்பிய பெட்டிகளில் வளர்ப்பது என் வேலை. அந்துகளைக் கண்ணாடிக் குழாயில் பிடித்துக் கூண்டில் விடுவேன். அவை இட்ட முட்டைகளைச் சலித்தெடுப்பேன். குளிரில் அந்து வளராது என்று ஜன்னல் சந்துகளிலெல்லாம் சாக்கைத் திணித்து, பகலிலும் பல்புகளை எரியவிட்டிருந்தார்கள். சலிக்கும்போது இறக்கைத் தூள் புகைபோல எழும்பி முகத்தில் படியும்.

மழைக்காலம் முடியும்போது எனக்கு இருமல் வந்தது. வறட்டு இருமல். என் அக்காவுக்கும் அப்படித்தான் தொடங்கியது. சயரோகம். அவள் தட்டையும் டம்ளரையும் தனியே வைத்தோம். கடைசியில் அவள் படுத்த பாயையும் கொளுத்தினோம்.

யாரிடமும் சொல்லவில்லை. இருமியதும் முந்தானையைப் பிரித்து ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பேன். என் மகள் அப்போதுதான் தவழ்ந்துகொண்டிருந்தாள். வேப்பெண்ணெய் தடவி அவளுக்குப் பாலை மறக்கடித்தேன். அவள் தவழ்ந்து வந்து என் சேலையைப் பிடித்தால், விலக்கிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த என் கணவர் ஒருநாள் கேட்டுவிட்டார்.

"ஏன் புள்ள, கொழந்தையத் தூக்கவே மாட்டேங்கிற?"

"கை வலிக்குதுங்க."

அவர் நம்பவில்லை. குழந்தையைத் தானே தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

ஒரு திங்கட்கிழமை சலித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சு அடைத்துக்கொண்டது. மூச்சு உள்ளே போகவே இல்லை. கதவைத் தள்ளி வெளியே வந்து பேரிக்காய் மரத்தடியில் விழுந்தேன். செத்துப்போகிறேன் என்றே நினைத்தேன். பூச்சி அறை அதிகாரி ஓடிவந்து, என்னம்மா, என்னம்மா என்றார்.

அன்று மாலை கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பற்றவைக்கப் போன பீடியைக் காதிடுக்கில் செருகிக்கொண்டார்.

"நாளைக்கு வெள்ளனே ஆஸ்பத்திரிக்குப் போறோம். என்னன்னு தெரிஞ்சுக்கிருவோம்."

எக்ஸ்ரே எடுத்துவிட்டு பெஞ்சில் காத்திருந்தோம். இவர் மறு கல்யாணம் செய்துகொள்வார், வருகிறவள் என் மகளை அடிப்பாளா என்றெல்லாம் மனம் ஓடியது. கூப்பிட்டதும் அவர்தான் தோளைப் பிடித்து எழுப்பினார்.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "டிபி இல்லம்மா. லங்ஸ் கிளியரா இருக்கு. என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னேன்.

"லீவு நாள்ல இருமல் எப்படி இருக்கு?"

யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் குறைந்துதான் இருந்தது. பயத்தில் அதை நான் கவனித்ததே இல்லை.

"அந்தப் பூச்சித் தூள்தான் காரணம். ஆஸ்துமா. இனிமே அந்த ரூமுக்குள்ள போகாதீங்க."

வீட்டுக்குள் நுழைந்ததும் மகளை வாரி எடுத்தேன். அவள் வீறிட்டு அழுது அப்பாவிடம் கையை நீட்டினாள். என்னிடம் மறுபடி ஒட்ட வெகுநாளாயிற்று.

அதிகாரி என்னைப் பக்கத்து அறைக்கு மாற்றினார். அங்கே அட்டையில் பசை தடவி முட்டைகளை ஒட்டி, குளவி இருக்கும் புட்டிக்குள் வைக்கும் வேலை. என் பெட்டிகளை ஆடலூரிலிருந்து வந்த ஒரு பெண் ஏற்றுக்கொண்டாள்.

"மூக்குல துணியக் கட்டிக்க, தாயி. நான் பட்டது போதும்."

"பூச்சித் தூளுக்குப் போயி யாராச்சும் பயப்படுவாகளாக்கா?" என்று சிரித்தாள்.

சிரித்தாளே தவிர, அடுத்த நாளே கட்டிக்கொண்டாள். ஆனாலும் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தொண்டையைச் செருமினால்கூட, இந்தப் பக்கம் என் கை அப்படியே நின்றுவிடும்.