வசை கேட்டு வந்தவள்

நாரின் மலைப்பக்கத்தில் கல்யாணமானாலும் குதிரைப் பந்தயமானாலும் கனிஷாய்தான் முதலில் கோமுஸை மடியில் வைத்து, அதன் மூன்று நரம்பையும் மீட்டி, வாழ்த்துப் பாடுவாள். பாடி முடித்ததும், "நல்லா இருந்துச்சு தாயி, கொஞ்சம் தள்ளி உக்காரு" என்று எழுப்பிவிடுவார்கள். பிறகு ஆண்கள் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டி ஒருவரையொருவர் கிழிப்பார்கள். குமரியாக இருந்தபோது தொடங்கிய வழக்கம், அவளுக்குத் தலை நரைத்தும் மாறவில்லை. வாய் நிறையப் பதில் பாட்டோடு ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள்.

இந்தக் கோடையில், சோங்-கோல் ஏரிக்கரை விழாவில், ஒருவழியாக அவளுக்கும் எதிராளி கிடைத்தான். தெமிர்குல். போன வருடம் ஒருவனுடைய வழுக்கையைப் பாடியே அவனை அழவைத்தவன். கனிஷாய் எடுத்த எடுப்பிலேயே அவன் தொந்தியைப் பாட்டில் பிடித்தாள். கூட்டம் ஆர்ப்பரித்தது.

தெமிர்குல் சிரித்துக்கொண்டே அவள் கண்ணழகைப் பாடினான்.

பனிக்காலத்தில் மந்தையை விட்டுவிட்டு அவன் ஊருக்கு ஓடியதைக் குத்திக் காட்டினாள். அவன் அவள் போடும் தேநீரின் மணத்தைப் பாடினான். எப்படி இழுத்தும் அவன் சண்டைக்கு வரவில்லை. "எவ்ளோ மரியாதையான ஆளு பாரு!" என்று பெண்களே உருகினார்கள். நடுவர்கள் அவனுக்குக் குதிரை கொடுத்தார்கள். அவளுக்கு ஒரு கம்பளம்.

கூடாரத்துக்குப் பின்னால் அவனை மடக்கினாள். "ஏன்டா என்னைத் திட்டல?"

"அக்காவைப் போய் எப்படித் திட்டுறது?"

"அந்த வழுக்கைத் தலையன் மட்டும் உனக்கு அண்ணன் இல்லையா?"

தெமிர்குல் தலையைச் சொறிந்தான். "ஜெயிச்சா, பொம்பளைகிட்ட வீரம் காட்டினான்னு சொல்லுவாங்க. தோத்தா, பொம்பளைகிட்டயே தோத்தான்னு சொல்லுவாங்க. என்னை என்னதான் பண்ணச் சொல்றக்கா?"

சாயங்கால விருந்தில் அவன் ஆட்டுக்கறியில் கை வைத்த நேரம் பார்த்து, கனிஷாய் நரம்பைச் சுண்டினாள்.

"தோற்றால் சிரிப்பாரென்று தொடை நடுங்கும் சிங்கமே,
தேநீரைப் பாடித் தப்பித்தாய், தேறியதோ உன் அங்கமே?"

விருந்துக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தெமிர்குல் முகம் சிவக்கக் கோமுஸைப் பிடுங்கி, அவள் நாக்கு பட்டால் குதிரைப்பால்கூடத் திரிந்துவிடும் என்று பாடினான். கனிஷாய்க்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வாங்கிய வசையை அதே வேகத்தில் திருப்பிக் கொடுத்தாள். பாட்டுக்குப் பாட்டு ஏறியது. ஆனால் கேட்டவர்கள் அந்தக் கூடாரத்துக்குள் இருந்த சிலர் மட்டும்தான். அவர்களிலும் பாதிப்பேர், வெளியே மல்யுத்தம் தொடங்கிவிட்டது என்று எழுந்து போய்விட்டார்கள்.

மறுநாள் காலை விழாத் தலைவரிடம் போனாள். "அடுத்த வருஷமும் எனக்கு இவனையே போடுங்க."

"போடாம இருப்போமா? ஜனங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருச்சே! இதே மாதிரி சண்டை சச்சரவு இல்லாம இனிமையாப் பாடணும்."

பக்கத்தில் நின்ற தெமிர்குல், புதுக்குதிரையின் பிடரியைத் தடவிக்கொண்டே தரையைப் பார்த்தான்.

"நேத்து என்னை எப்படித் திட்டினேன்னு சொல்லேன்டா!" என்றாள்.

அவன் குதிரையை நடத்திக்கொண்டு நகர்ந்தான்.

"இனிமையாவாம்!" கனிஷாய் தன் குதிரையின் சேண வாரை இழுத்த இழுப்பில் அது திரும்பி அவளை முறைத்தது.