நிஜமா பத்தாவதுதான் சார்!

போன வாரம் ஒரு வேலைக்கு என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சம்பளமில்லாத வேலைதான். அதற்கும் நான் லாயக்கில்லையாம். காரணம் — அதிகம் படித்துவிட்டேன்!

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். எம்.ஏ. முடித்த அன்று, ஆவடி பக்கம் சேக்காட்டில் எங்கள் தெரு முழுக்க அம்மா கேசரி கொடுத்தாள். அந்த எம்.ஏ.வைக் காட்டி ஒருவர் “வேண்டாம்” என்றால் எப்படி இருக்கும்? அம்மாவிடம் சொன்னேன். அம்பத்தூர் கம்பெனியில் கேன்டீன் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள்.

“அய்ய... படிச்சவ வோணாமா? இது இன்னாடி கூத்தா கீது! அப்ப நான் போவட்டா?” என்றாள்.

நடந்தது இதுதான். சனிக்கிழமை காலை ஸ்டெல்லா அக்கா போன் செய்தார். பார்வையற்ற கல்லூரி மாணவிகளுக்கு உதவும் சின்ன அறக்கட்டளை ஒன்றை நடத்துகிறவர். குரலில் பதற்றம்.

“திங்கக்கெழம கீர்த்தனாவுக்குக் கடைசி பேப்பர்ம்மா. ஸ்கிரைப்பா வரவேண்டிய பொண்ணுக்கு டெங்கு. ஆள் வேணும்.”

ஸ்கிரைப் என்பவர், பார்வையற்ற மாணவி சொல்லச் சொல்ல விடைத்தாளில் எழுதித் தருபவர். கீர்த்தனா வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு, கடைசி வருடம். இந்தப் பேப்பரை எழுதாவிட்டால் இந்த வருடம் டிகிரி இல்லை. டிகிரி இல்லையென்றால், கைக்கு வந்திருக்கும் பி.எட். இடமும் இல்லை. டீச்சர் ஆகவேண்டும் என்று ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கும் பெண்.

“நானே வர்றேன்கா!” என்றேன்.

“நீ எம்.ஏ. ஆச்சே... ஒன்ன விட மாட்டாங்க.”

விதி அப்படி. ஸ்கிரைப், தேர்வு எழுதுகிறவரைவிடக் குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அவரே பதிலைச் சேர்த்து எழுதிவிடலாமே? நியாயம்தான். அந்தக் கல்லூரியில் பத்தாவது அல்லது பிளஸ் டூ வரைதான் அனுமதி. பட்டதாரிக்கு — நன்றி, வணக்கம்.

சரி, நமக்குத்தான் ஒரு படை இருக்கிறதே என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அந்தப் படையைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி: ‘பக்கத்து வீட்டுப் பதிவர்கள்’ — ஆவடி, திருமுல்லைவாயில், அம்பத்தூர், பூந்தமல்லி என்று இந்தப் பக்கமே குடியிருந்து, பிளாக் எழுதும் பெண்கள். “ரீல்ஸ் காலத்துல பிளாக்கா?” என்று கேட்காதவர்கள் இல்லை. ஒருவர் பதிவுக்கு ஒருவர் கமெண்ட் போட ஆரம்பித்து, பிறகு ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போக ஆரம்பித்து, இப்போது ஸ்டெல்லா அக்காவின் மாணவிகளுக்காகப் பாடப்புத்தகங்களைப் போனில் வாசித்துப் பதிவுசெய்து தருகிறோம். அதற்கு எந்த டிகிரியும் யாரும் கேட்டதில்லை.

பதிவை முழுசாகப் படிக்காமல் கமெண்ட் போடும் பழக்கம் பதிவர்களுக்கும் உண்டு. “ஸ்கிரைப் தேவை” என்ற முதல் வரியோடு நிறுத்திக்கொண்டு பாய்ந்து வந்தார்கள். “நான் ரெடி, பி.இ.” “எம்.சி.ஏ., திங்கள் ஃப்ரீ.” “பி.எட். முடிச்சிருக்கேன், ஹேண்ட்ரைட்டிங் முத்து முத்தா இருக்கும்.” கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பட்டம் அச்சடிப்பார்களே... அப்படி இருந்தது எங்கள் குழு.

மறுபடி எழுதினேன். “தோழிகளே, டிகிரி இருந்தால் சேர்க்க மாட்டார்கள். பத்தாவதோ பிளஸ் டூவோ படித்தவர்தான் வேண்டும்.”

அமைதி. பேரமைதி. காலை வணக்கப் பூக்கள்கூட அன்றைக்கு நின்றுபோயின.

அப்படிப்பட்டவர்கள் எங்களில் இல்லையா என்ன? இருந்தார்கள். ஆனால் யார் கை தூக்குவது? நன்றாக எழுதுகிறவர் என்றால் நன்றாகப் படித்தவர் என்று நாமே முடிவுகட்டி வைத்திருக்கிறோம். அந்த நினைப்பைக் கலைக்க யாருக்கு மனசு வரும்?

மதியம் ஒரு போன். பூந்தமல்லி பர்வீன் அக்கா. ‘மூணாவது விசில்’ என்ற பிளாக் அவருடையது. அடுப்பில் குக்கர் இருக்கும் நேரத்தில்தான் எழுதுவார். பஸ் சண்டை, நோன்புக் கஞ்சி, அவர் கணவரின் தையல் கடைக்கு வரும் வாடிக்கையாளர்கள்... படித்தால் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். எங்கள் குழுவின் நட்சத்திரம்.

“பக்கத்துல யாரும் இல்லயே?”

“இல்லக்கா, சொல்லுங்க.”

“நான்... பத்தாவதுதான்.”

“சும்மா சொல்லாதீங்கக்கா!”

“அடிப்போடி. சும்மா சொல்றதுன்னா டாக்டருக்குப் படிச்சேன்னு சொல்ல மாட்டேனா?”

அவரே தொடர்ந்தார். “ஒருவாட்டி குரூப்ல எந்தக் காலேஜ்னு கேட்டாங்க, ஞாபகம் இருக்கா? ஸ்மைலி போட்டுட்டு ஓடிட்டேன். இப்பவும் குரூப்ல சொல்லாத. சத்தமில்லாம போய் எழுதிட்டு வந்துர்றேன்.”

ஞாயிற்றுக்கிழமை பர்வீன் அக்கா வீட்டில் ஒத்திகை. கீர்த்தனாவை ஸ்டெல்லா அக்கா அழைத்து வந்தார். சோபாவில் உட்கார்ந்த கீர்த்தனா, பர்வீன் அக்கா “வாம்மா” என்றதுமே நிமிர்ந்தாள்.

“நீங்க பிரெஞ்சுப் புரட்சி பாடம் வாசிச்ச அக்காதானே? அரசனைப் பிடிச்ச எடத்துல பின்னாடி குக்கர் விசில் அடிச்சுதே!”

“அய்யோ... அது கேட்டுடுச்சா?”

“ஹாஸ்டல்ல எல்லாருக்கும் அந்த விசில் மனப்பாடம்க்கா. அது வந்தா அடுத்தது குடியரசு!”

சிரிப்பெல்லாம் ஒத்திகை தொடங்கும் வரைதான். கட்டைவிரலால் போனில் பக்கம் பக்கமாகத் தட்டுகிறவர்தான் பர்வீன் அக்கா. ஆனால் பேனா பிடித்து? மளிகைச் சீட்டு தவிர எழுதி வருடக்கணக்காகிறது. கீர்த்தனாவோ மின்னல் வேகத்தில் சொல்கிறாள். அரைப் பக்கத்தில் அக்காவின் கை இழுத்துக்கொண்டது. எழுத்து கோழி கிளறின மாதிரி.

“எனக்காக இந்தப் பொண்ணு ஃபெயிலாகிடப் போவுது. வேற ஆளப் பாருங்க” என்று பேனாவை மூடி வைத்துவிட்டார்.

கீர்த்தனா அசரவில்லை. “வேற ஆள் இல்லக்கா. நான் மெதுவா சொல்றேன். நீங்க பெருசா எழுதுங்க. ஒண்ணே ஒண்ணு — நான் சொல்றத மட்டும் எழுதணும். தப்பா சொன்னாலும் தப்பாவே எழுதணும்.”

“தப்புன்னு தெரிஞ்சா?”

“தெரிஞ்சாலும்!”

அன்று சாயங்காலம் வரை இருவரும் விடவில்லை. பேனாவை மாற்றி, நாற்காலியை மாற்றி, ஒருவர் மூச்சுக்கு ஒருவர் பழகிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை. கல்லூரி வராண்டா. தேர்வுப் பொறுப்பாளர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பர்வீன் அக்காவைப் பார்த்தார். மடிப்புக் கலையாத காட்டன் புடவை, தோளில் பை.

“என்ன வேலை பண்றீங்க?”

“வீட்லதான் சார். கொஞ்சம் எழுதுவேன்.”

“என்ன எழுதுவீங்க?”

“பிளாக் சார்.”

அவர் முகம் மாறியது. “எழுத்தாளரா? அப்ப டிகிரி இருக்குமே!”

“இல்ல சார். பத்தாவது.” மார்க் ஷீட்டை நீட்டினார். குரல் அவருக்கே கேட்டிருக்காது.

“பத்தாவது மார்க் ஷீட் எல்லார்கிட்டயும்தான் இருக்கும். அதுக்கு மேல படிக்கலைன்னு எப்படி நம்புறது?”

நல்ல கேள்வி. படித்ததற்குச் சான்றிதழ் உண்டு. படிக்காததற்கு? உதவலாம் என்று நான் வாயைத் திறந்தேன்.

“சார், அவங்க...”

“நீங்க யாரு? என்ன படிச்சிருக்கீங்க?”

“எம்.ஏ....”

“மொதல்ல வெளிய போங்க!”

போகிற மாதிரி போய், தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஹாலுக்குள் மற்ற மாணவிகள் உட்கார்ந்தாகிவிட்டது. வெள்ளைக் கம்பை மடித்துப் பிடித்தபடி கீர்த்தனா நின்றிருந்தாள். உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. பாடத்தை ஓட்டிப் பார்க்கிறாளா, சாமி கும்பிடுகிறாளா தெரியவில்லை.

பர்வீன் அக்கா அவளைப் பார்த்தார். பிறகு அந்தப் பொறுப்பாளரைப் பார்த்தார்.

“சார்! நிஜமா பத்தாவதுதான் சார்!”

வராண்டா மொத்தமும் திரும்பியது.

“பதினொண்ணாவதுக்கு ரெண்டு பஸ் மாறணும். எங்க வூட்ல ஒரு பஸ்ஸுக்கே அனுப்ப மாட்டாங்க. நின்னுட்டேன். இத்தன வருசமா இதச் சொல்ல வெக்கப்பட்டு வாய மூடிக்கினு இருந்தேன். இன்னிக்குத்தான் மொதமொதலா வாயத் தொறந்து சொல்றேன்... நீங்க இன்னான்னா நம்ப மாட்டேன்றீங்களே சார்!”

பொறுப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

“போங்கம்மா. பெல் அடிக்கப் போறாங்க” என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். கீர்த்தனா கை நீட்டினாள். அக்கா முழங்கையைக் கொடுத்தார். இருவரும் உள்ளே போனார்கள்.

மூன்று மணி நேரம். நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன், எழுந்தேன், உட்கார்ந்தேன். என் சொந்தத் தேர்வுக்குக்கூட இப்படித் தவித்ததில்லை.

வெளியே வந்த இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

“எல்லாக் கேள்வியும் முடிச்சிட்டோம்! அடிஷனல் ஷீட் வேற வாங்கினோம்!” — இது கீர்த்தனா.

“பிரெஞ்சுப் புரட்சிக் கேள்வில, ரொட்டி வெல ஏறினத இவ சொல்லவே இல்லடி! நான்தான வாசிச்சேன், எனக்குத் தெரியுமே! வாய் வரைக்கும் வந்துடுச்சு. பல்லக் கடிச்சிக்கினு உக்காந்திருந்தேன். அப்புறம் இவளே, ‘அக்கா, மேல ஒரு வரி விட்டுட்டேன்’னா பாரு... கட்டிப் புடிச்சிக்கலாம் போல இருந்துது!” — இது பர்வீன் அக்கா. வலது கையை உதறிக்கொண்டே இருந்தார். விரல் வீங்கியிருந்தது.

பஸ் ஸ்டாப்புக்குப் போகும் வழியிலேயே அவர் போனை எடுத்தார். வீங்கிய விரலோடு குழுவில் எழுதினார். எனக்குக் காட்டவில்லை, என்னிடம் கேட்கவுமில்லை. என் போன் சிணுங்கியபோதுதான் படித்தேன்.

“நான் பத்தாவது பாஸ். இன்று ஒரு கல்லூரிக்குள் போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வந்தேன். எந்தக் காலேஜ் என்று கேட்டீர்களே — இந்தக் காலேஜ்தான்.”

பூந்தமல்லி பஸ் வருவதற்குள் அடுத்த செய்தி. அம்பத்தூரில் தையல் குறிப்புகள் எழுதும் தோழி: “நான் பிளஸ் டூ. எப்ப வரணும்?” பிறகு திருமுல்லைவாயிலில் இருந்து: “பத்தாவது. ரெண்டாவது அட்டெம்ப்ட்ல பாஸ். செல்லுமா?” “செல்லும்!” என்று ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் பதில் போட்டார்கள். இன்னொருவர், இன்னொருவர்... இவ்வளவு நாளும் எங்கே ஒளிந்திருந்தார்கள் இவர்கள்? எங்கும் இல்லை. எங்கள் கூடவேதான் இருந்தார்கள். நாங்கள்தான் கேட்கவில்லை.

பட்டதாரிகளும் சும்மா இருக்கவில்லை. பி.இ. தோழி ஸ்கூட்டரில் ஸ்கிரைப்களைக் கல்லூரிக்குக் கொண்டுபோய் விடுகிறார். எம்.சி.ஏ. தோழி அவர்களுடைய பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருகிறார். ஸ்டெல்லா அக்கா சொல்கிறார்: “ஒரு ஆள் கெடைக்காதான்னு அலைவேன். இப்ப யாருக்கு எந்தப் பரீட்சைன்னு டைம்டேபிள் போட வேண்டியிருக்கு!” இந்த வாரம் மட்டும் ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை எங்கள் தோழிகள் பேனாவோடு கல்லூரிகளுக்குள் போய் வந்தார்கள். ஒரு மாணவிகூட ஆள் இல்லாமல் திரும்பவில்லை.

படிப்பு பெரிது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் எம்.ஏ.வை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் படிப்பு நின்ற இடத்தில் ஒரு பெண் நின்றுவிடுவதில்லை. எழுதுகிறாள், வாசிக்கிறாள், தேவைப்படும்போது வராண்டா அதிரக் குரல் கொடுக்கிறாள். இதற்கு மேல் ஒரு குழு என்ன செய்துவிட முடியும்?

நேற்று பர்வீன் அக்காவிடமிருந்து மறுபடி போன்.

“ஏன்டி, பிளஸ் டூவ பிரைவேட்டா எழுதலாமாமே?”

“தாராளமா எழுதலாம்க்கா!”

“முடிச்சிட்டா அப்புறம் ஸ்கிரைப்பா விடுவாங்க இல்ல?”

“பிளஸ் டூ வரைக்கும் விடுவாங்க.”

“அப்ப சரி. கீர்த்தனாதான் டீச்சர். சண்டே சண்டே வரேன்னுட்டா.”

அந்தப் பரீட்சையையும் பர்வீன் அக்காதான் எழுதப்போகிறார். இந்த முறை, பதிலும் அவருடையது.