புள்ளிக்கோட்டில் கிழிக்கவும்

அந்த நடுநிலைப் பள்ளியில் கோபப்படும் பொறுப்பு யாருக்கும் முறைப்படி ஒதுக்கப்படவில்லை. ஆனாலும் பத்தொன்பது ஆண்டுகளாக ஒரு நாள்கூட விடுப்பெடுக்காமல் அதைச் செய்துவந்தவர் அலுவலகக் கிளார்க்கம்மா. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ரிமைண்டர் அக்கா. ஆசிரியர்களும் அப்படித்தான் சொன்னார்கள், அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு. அந்தத் தூரம் எவ்வளவு என்பதை இதுவரை யாரும் சரியாகக் கணித்ததில்லை. அம்மாவுக்குப் பாம்புச் செவி.

வெள்ளிக்கிழமைதோறும் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்குப் போகும் குடும்பக் கடிதம் அவர் கையால் தட்டச்சாவது. மனித குலத்தின் மறதியை எதிர்த்துத் தனி ஆளாக அவர் நடத்திய போர் அது. தண்ணீர் பாட்டிலில் பெயர் எழுதவும். நூலகப் புத்தகத்தை மழையில் நனைக்காமல் திருப்பித் தரவும். தலையில் பேன் பார்க்கவும். தொலைந்த பொருட்கள் பெட்டியில் பதினேழு இடதுகால் ஷூக்கள் கிடக்கின்றன, உரியவர்கள் வலதுகாலோடு வந்து பெற்றுக்கொள்ளவும். இத்தனையும் எழுதி அனுப்பினால் மறு வாரம் பதினெட்டாவது இடதுகால் ஷூ வந்து விழும். கோபம் வராமல் என்ன செய்யும்?

முன்பெல்லாம் கடிதம் இரண்டு தாளாக இருந்தது. நாற்பது வாரங்களுக்கு முன்பு தலைமையாசிரியர் காகிதச் சிக்கனம் குறித்த மூன்று நாள் பயிற்சிக்குப் போய் ஒரு கோப்பு, ஒரு பேனா, ஒரு பையுடன் திரும்பி வந்தார். வந்ததும் உத்தரவு பிறந்தது: இனி ஒரே தாள், இரண்டு பக்கம். கிளார்க்கம்மா ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரு தாளுக்குள் அடைத்தார். முன்பக்கத்தின் தலையில் தலைமையாசிரியரின் செய்தியும் அவர் படமும். அந்தப் படத்தைச் சிறிதாக்க அவர் சம்மதிக்காததால் மற்றதெல்லாம் சிறிதாயிற்று. அதன் கீழே குடும்பங்களுக்கு நினைவூட்டல். அடியில் ஒரு புள்ளிக்கோடு, அதற்கும் கீழே 'இக்கடிதத்தைப் படித்தேன்' என்று பெற்றோர் கையெழுத்திட்டுக் கிழித்து அனுப்ப வேண்டிய துண்டு. பின்பக்கத்தில் முதலில் மாணவர் செயல்பாடுகள், கடைசியில் மாணவர் சாதனைகள்.

திங்கட்கிழமை காலையில் துண்டுகள் திரும்பி வரும். அம்மா எண்ணி, வகுப்புவாரியாக ரப்பர் பேண்டு போட்டு, அட்டைப் பெட்டியில் அடுக்குவார். நானூற்றுப் பன்னிரண்டுக்கு நானூற்றுப் பன்னிரண்டு. ஒன்று குறைந்தால் அந்தப் பிள்ளை அன்று மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. தலைமையாசிரியர் கூட்டத்துக்குக் கூட்டம் அறிவித்துக்கொண்டிருந்தார்: "எங்கள் பள்ளியில் பெற்றோர் வாசிப்பு நூறு சதவீதம்."

இப்படி நூறு சதவீதத்தில் வண்டி ஓடிக்கொண்டிருந்தபோதுதான், ஒரு வெள்ளிக்கிழமை பதினொன்றே கால் மணிக்கு லாரி மெக்கானிக் ஒருவர் நீல நிறக் கோப்பு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலுவலகத்துக்குள் நுழைந்தார்.

"கிளார்க்கம்மா நீங்கதானா?"

"மேசையில எழுதி வச்சிருக்கே, படிக்கத் தெரியாதா?"

"படிக்கத் தெரிஞ்சதாலதாங்க வந்திருக்கேன்."

அவர் நீட்டிய மனு நான்கே வரி. ஏழாம் வகுப்பில் படிக்கும் தன் மகளைப் பள்ளி ஓட்டக் குழுவிலிருந்து இன்றே நீக்கிவிட வேண்டும். மறுநாள் காலை வட்டாரப் போட்டி. ஓடுகிறவர்கள் பட்டியல் பெற்றோர் கையெழுத்துடன் பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அந்தப் பட்டியலில் பள்ளிக்கு நம்பிக்கை என்று சொல்லிக்கொள்ள இருந்தது இந்த ஒரு பெண்தான். மற்ற மூவரைப் பி.டி. மாஸ்டர் எண்ணிக்கைக்காகச் சேர்த்திருந்தார்.

"காரணம் எழுதலையே?"

"காரணத்தைத்தான் நீங்க வாராவாரம் எழுதி அனுப்பறீங்களே!" மெக்கானிக் கோப்பைப் பிரித்தார். நாற்பது கடிதங்கள், ஒன்றுகூட விடாமல், தேதி வாரியாக. "இந்தாங்க. காலையில தாமதமா வர்றவங்க, எம்பொண்ணு. இது அடுத்த வாரம், மறுபடியும் எம்பொண்ணு. ஷூ அழுக்கு. வகுப்புல தூக்கம். நூலகப் புத்தகம் பாக்கி. ஏங்க, ஒரு நல்ல வார்த்தை உண்டா இதுல? அவ ஓடப் போறதாலதானே இத்தனையும்? ஓடுனது போதும். நேரத்துக்கு வகுப்புல உக்காரட்டும்."

தாமதத்துக்குக் காரணம், மணி அடிக்கும்வரை அவளை மைதானத்தில் விரட்டிய இதே பள்ளியின் பி.டி. மாஸ்டர். அதைக் குற்றப் பட்டியலில் ஏற்றியது இதே பள்ளியின் அலுவலகம். ஒரு கை ஓடு என்றது, மறு கை ஏன் லேட் என்றது. இரண்டு கைக்கும் மாதாமாதம் ஒரே இடத்திலிருந்துதான் சம்பளம்.

கிளார்க்கம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நல்ல வார்த்தை இல்லையா? என்னைப் பாத்துச் சொல்லுங்க! உங்க பொண்ணு பேரை ஆறு தடவை சாதனைப் பகுதியில இந்தக் கையால அடிச்சிருக்கேன். நானூறு மீட்டர்ல முதலிடம், எண்ணூறு மீட்டர்ல முதலிடம். அடிச்சவளுக்குத் தெரியாதா?"

"எங்க அடிச்சீங்க? காட்டுங்க."

"கொண்டாங்க இப்படி!"

கோப்பைப் பிடுங்கி முதல் கடிதத்தைத் திருப்பினார். பின்பக்கத்தில் பிள்ளைகள் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், கும்பலாகப் படத்துக்கு நின்றார்கள். அதற்கும் கீழே 'மாணவர் சாதனைகள்' என்ற தலைப்பின் மேல்பாதி மட்டும் இருந்தது. எழுத்துகளுக்குத் தலை இருந்தது, கால் இல்லை. அதற்கும் கீழே தாளே இல்லை. மேசையின் பலகை தெரிந்தது.

அடுத்த கடிதத்தைத் திருப்பினார். பலகை. அதற்கடுத்ததிலும் பலகை.

பத்தொன்பது ஆண்டுகளில் கிழிக்கப்பட்ட கடிதம் ஒன்றை அவர் பார்ப்பது இதுவே முதல் தடவை. அலுவலகத்திலிருந்து முழுத் தாளாகப் போகும், துண்டாகத் திரும்பி வரும். நடுவில் நடப்பது வீட்டுக்காரர்கள் பாடு. கையெழுத்துப் போட வேண்டிய துண்டின் முதுகில்தான் சாதனைகள் இருந்திருக்கின்றன. நாற்பது வாரமாக ஒவ்வொரு வீடும் பேனையும் ஷூவையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, தன் பிள்ளை ஜெயித்ததை மட்டும் கிழித்துப் பள்ளிக்கே திருப்பி அனுப்பியிருக்கிறது. அதை இவர் எண்ணிப் பார்த்து, ஒன்று குறைந்தால் பிள்ளையை நிற்கவைத்துத் திட்டி வாங்கியிருக்கிறார்.

அலுவலகத்தில் சத்தம் நின்றுபோனது. பக்கத்து அறையிலிருந்து இரண்டு ஆசிரியைகள் என்னவோ ஆகிவிட்டது என்று பதறி எட்டிப் பார்த்தார்கள்.

"யாரும் சாகல, போங்க!" என்றார் கிளார்க்கம்மா.

ஸ்டூலில் ஏறிப் பீரோவின் மேலிருந்த அட்டைப் பெட்டியை இறக்கினார். ஏழாம் வகுப்புக் கட்டுகளைப் பிரித்து ஆறு துண்டுகளை உருவி மெக்கானிக் முன்னால் வரிசையாகப் போட்டார். ஒவ்வொன்றிலும் 'படித்தேன்', அதன் கீழே அவர் கையெழுத்து, ஓரத்தில் கிரீஸ் பட்ட கட்டைவிரல் ரேகை.

"திருப்புங்க."

அவர் ஒவ்வொன்றாகத் திருப்பி விரல் வைத்துப் படித்தார். ஆறாவதை இரண்டு தடவை படித்தார்.

"அவ கிளம்பற அவசரத்துல நீட்டுவா. நான் லாரி பானட் மேல வச்சுக் கையெழுத்துப் போட்டுக் கிழிச்சு அவ கையிலயே குடுத்துடுவேன். பின்னாடி யாருங்க பாக்கறா?" அவர் குரல் ஏறியது. "எந்த மடையன் இதை இங்க கொண்டுவந்து வச்சது?"

"நான்தான்."

இந்தச் சொல் இந்தப் பொருளில் அந்த அலுவலகத்தில் அதுவரை உச்சரிக்கப்பட்டதில்லை. சொன்னவருக்கே கசந்தது. "ஒரே தாள்ல அடக்கச் சொன்னவரு உள்ள இருக்காரு. ஆனா இதை இங்க வச்சது நான்தான். திட்டணும்னா என்னைத் திட்டுங்க."

திட்டுவதற்குள் மகளே வந்து நின்றாள், மைதானத்துப் புழுதி முழங்கால்வரை. பட்டியல் என்னாயிற்று என்று பார்த்துவரப் பி.டி. மாஸ்டர் அனுப்பியிருந்தார்.

"ஏம்மா, ஆறு தடவை ஜெயிச்சிருக்க. வீட்ல ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார் மெக்கானிக்.

"நீங்கதான் படிச்சேன்னு கையெழுத்துப் போட்டீங்களே." அவளுக்கும் கோபம்தான். "படிச்சுட்டும் ஒண்ணும் கேக்கல. உங்களுக்குப் பிடிக்கலைன்னு நெனச்சேன். அப்புறம் நான் எதுக்குச் சொல்லணும்?"

மெக்கானிக் ஆறு துண்டுகளையும் மறுபடி திருப்பித் தன் கையெழுத்தைப் பார்த்தார். லாரி இன்ஜின் எதுவும் இப்படி ஒரு கேள்வியை அவரிடம் கேட்டதில்லை.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் வெளியே வந்தார். விவரத்தைக் கேட்டார். கடிதத்தைக் கையில் வாங்கி முதலில் தன் படம் கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். இருந்தது.

"இதுல என்ன தப்பு? இந்த வடிவத்தைப் பாராட்டி மேலதிகாரி கடிதமே குடுத்திருக்காரு. ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கேன்."

"சாதனையை முன்பக்கம் மேல கொண்டுபோயிடலாம் சார்."

"மேலதான் நான் இருக்கேனே!"

"அதான் சார் கஷ்டம்."

"அப்படின்னா ஒண்ணு செய்யுங்க. கிழிக்கறதுக்கு முன்னாடி பின்பக்கம் பாக்கவும்னு ஒரு நினைவூட்டல் போட்டுடுங்க. பெற்றோர் வாசிப்பு நூறு சதவீதம். கண்டிப்பா படிப்பாங்க."

"நூறு சதவீதத்துல ஒருத்தர் இதோ நிக்கறாரு. அவரையே கேளுங்க."

தலைமையாசிரியர் மெக்கானிக்கைக் கேட்கவில்லை. மெக்கானிக்கின் கை அளவு அப்படி. "அந்தத் துண்டுகளைத் திரும்பப் பெட்டியில வைங்க. மூணு வருஷம் பாதுகாக்க வேண்டிய ஆவணம்" என்றார்.

மணி பன்னிரண்டுக்குப் பத்து. மெக்கானிக் தன் மனுவை மேசையிலிருந்து எடுத்து நாலாகக் கிழித்தார். "எனக்கு இதுதான் நல்லா வருது" என்றார். கிளார்க்கம்மா ஓட்டக்காரர் பட்டியலை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, பிறகு கையெழுத்துப் போட்டார். ஆறு துண்டுகளையும் அடுக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அது பள்ளி ஆவணம்!"

"எம்பொண்ணு ஆவணம் சார். உங்களுக்கு வேணும்னா என் கையெழுத்தை மட்டும் கிழிச்சுத் தரேன்."

மறுநாள் அந்தப் பெண் ஓடினாள். நான்காவதாக வந்தாள். மைதானத்தில் மெக்கானிக் போட்ட சத்தத்தைக் கேட்டவர்கள் முதலிடம் என்றே நினைத்தார்கள். திங்கட்கிழமை தலைமையாசிரியர் சொன்னார்: "நாலாவது இடத்தைக் கடிதத்துல போட வேண்டாம். மூணு வரைக்கும்தான் சாதனை."

கிளார்க்கம்மா சரி என்றார். சரி என்று அவர் சொன்னதைக் கேட்டுச் சந்தேகப்படாதவர் அந்தப் பள்ளியில் தலைமையாசிரியர் ஒருவர்தான். அவர் கடிதத்தில் தன் செய்தியைப் படிப்பார், பின்பக்கத்துச் சாதனைகளில் தன் பெயர் வருகிறதா என்று பார்ப்பார். நினைவூட்டல் பகுதியை மட்டும் படித்ததே இல்லை. அவருக்கு எதையும் நினைவூட்டத் தேவையில்லை என்பது அவர் எண்ணம்.

அந்த வெள்ளிக்கிழமை பேனுக்கும் ஷூவுக்கும் விடுமுறை. முன்பக்கத்தில், புள்ளிக்கோட்டுக்கு மேலே, எறும்பு அளவு எழுத்தில் குடும்பங்களுக்கு நினைவூட்டல்கள் அறுபத்து மூன்று, ஒவ்வொன்றின் முன்னும் பிள்ளையின் பெயரும் வகுப்பும். உங்கள் மகள் ஆறு பந்தயங்களில் முதலாவதாகவும் வட்டாரத்தில் நான்காவதாகவும் வந்தாள் என்பதை நினைவூட்டுகிறோம். உங்கள் மகன் கணக்குத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கி மூன்று மாதமாகிறது என்பதை நினைவூட்டுகிறோம். இப்படியே நாற்பது வாரத்துக்கும். கடைசி வரியில்: இவற்றை இதுவரை நீங்கள் அறியாதது அலுவலகத்தின் தவறு.

தலைமையாசிரியர் கையெழுத்திட்டார். விஷயம் தெரிந்ததும் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். அலுவலகத்தில் தட்டச்சுக்கு வேறு ஆள் இல்லாததால் அந்த மெமோவையும் கிளார்க்கம்மாவே அடித்து, ஒரு பிழை இல்லாமல், தனக்குத் தானே கொடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே தொலைபேசி அலறத் தொடங்கியது. ஒருவர்கூட நன்றி சொல்லக் கூப்பிடவில்லை. ஐந்தாவதாகக் கூப்பிட்டவர் ஒரு தையல்காரம்மா.

"எம்பையன் ஓவியத்துல முதல் பரிசு வாங்கி ஏழு மாசம் ஆச்சாமே! இப்பவா சொல்லுவீங்க? படிக்காம இதென்ன கிறுக்கல்னு அவன் கலர் டப்பாவைத் தூக்கிக் குப்பையில போட்டேனே! அவன் ஒண்ணும் பேசாம நின்னுட்டிருந்தானே! நீங்கல்லாம் ஒரு ஆபீசா?"

வழக்கமாக இந்த இடத்தில் கிளார்க்கம்மாவின் பதில் தெருமுனைவரை கேட்கும். வாயில் அது தயாராகவும் இருந்தது: நீங்க எதுக்குப் பாக்காமக் கிழிச்சீங்க? அதை மென்று விழுங்கினார்.

"எங்க தப்புதாம்மா. இன்னும் திட்டுங்க, கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. "திட்டி முடிச்சதும் சொல்லுங்க, எந்தெந்தக் கலர் இருந்துச்சுன்னு."