கடைசித் தாள்

என் பீரோவில் ஒரு பழைய சித்திரக்கதைப் புத்தகம் இருக்கிறது. மலிவுத் தாள், தொட்டால் ஓரம் உதிரும். கதாநாயகன் கப்பல் கம்பத்தில் கட்டுண்டு கிடக்கிறான், தண்ணீர் அவன் கழுத்துவரை ஏறிவிட்டது. அதற்குமேல் கதை இல்லை. கடைசித் தாளைக் காணோம்.

அதைக் கிழித்தவர் டோல்கேட் பகுதியில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்த அக்கா. தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் சும்மாவே புத்தகம் கொடுப்பார். கொடுக்குமுன் கடைசித் தாளை மட்டும் கிழித்து பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொள்வார். "முடிவு வோணுமா, புக்க கொண்டா" என்பார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, அங்கேயே உட்கார்ந்து முடிவைப் படித்துவிட்டு வருவோம். இந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க மட்டும் எனக்கு மனம் வரவில்லை. மழைத் தண்ணீரில் போய்விட்டதாகப் புளுகினேன். "போனா போவுது, வுடு. தாளு எங்கிட்ட கீது" என்றார். கண்டுபிடித்துவிட்டார் என்று தெரிந்தது. அதன்பிறகு நான் மாடிப்படி ஏறவேயில்லை. நாங்கள் வீடு மாறும் நாளில்கூடச் சொல்லிக்கொள்ளாமல் போனேன். வெட்கம், வேறென்ன.

சென்ற மாதம் அதே கதை கெட்டி அட்டையில் மறுபதிப்பாக வந்தது. அடித்துப்பிடித்து வாங்கினேன். கடையில் நின்றவர்கள் எல்லோருக்கும் என் வயது, என் வழுக்கை. சின்னப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. மகள் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "இது உங்க செட்டுக்குப்பா" என்று கொடுத்துவிட்டாள். நான் கழுத்தளவு தண்ணீர்வரை படித்தேன். அடுத்த பக்கத்தைத் திருப்பக் கை வரவில்லை. அது அக்கா கையிலிருந்து வரவேண்டியது. ஒரு வாரம் நிலைகொள்ளாமல் அலைந்துவிட்டு, இரண்டு புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு டோல்கேட்டுக்குப் போனேன்.

அக்கா அதே மாடியில்தான் இருந்தார். தலை முழுக்க நரை. பழைய புத்தகத்தை நீட்டி, "பொய் சொன்னேங்க்கா" என்றேன்.

"தெரியும். அந்த ஒரு தாள வச்சிகினு பசங்க ஆளுக்கொரு முன்கதை கட்டுவாங்க. வூடே அதிரும். கடைசில தாளு நைஞ்சே பூட்ச்சி. நீதான் வரவேயில்ல."

அந்தக் கூச்சல் எல்லாம் தலைக்கு மேலேதான் நடந்திருக்கிறது. நான் கீழே ஒளிந்துகொண்டிருந்தேன்.

பழையதை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிப் புரட்டினார். "முடிவு படிச்சிட்டியா?"

"இல்லக்கா."

சர்ரென்று கடைசித் தாளைக் கிழித்தார். எனக்குப் பதறிப்போயிற்று. அவ்வளவு விலை கொடுத்த புத்தகம்! அக்கா நிதானமாகத் தாளை மடித்து டப்பாவில் போட்டு மூடினார்.

"எடுத்துகினு போ. ஞாயித்துக்கெழம புக்கோட வா."

இப்போது பீரோவில் முடிவில்லாத புத்தகங்கள் இரண்டு. இன்று வியாழன்தான்.