அண்ணை சொல்வதே முடிவு

எண்பதுகளின் கடைசியில் லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் நானும் ஒரு சிநேகிதியும் கூட்டாகப் பலகாரக் கடை திறந்தோம். இடம் பிடித்தது நான், லைசென்சுக்காகக் கவுன்சிலுக்கு அலைந்தது நான், விடிய எழும்பி வடை சுட்டதும் நான். அவள் பின்னேரங்களில் வந்து கல்லாவில் இருப்பாள், வடிவாகச் சிரிப்பாள்.

ஒப்பந்தம் எழுதிய தமிழ் வக்கீல், எங்களுக்குள் பிணக்கு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் ஒரு நடுவர் தீர்க்கலாம் என்றார். "வெளியாள் ஒருவரைப் போடுங்கோ" என்று ஆனமட்டும் சொல்லிப் பார்த்தார். எங்கள் விஷயத்தில் வெளியாளா? இருவருக்கும் சுருக்கென்றது. "உங்கட அண்ணையை விட நியாயமான மனிசன் ஆர்?" என்றாள் சிநேகிதி. எனக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. அண்ணை கோயில் கமிட்டியில் இருந்தவர், ஊரே மதிக்கிற ஆள். அவர் பெயரை எழுதி, அவர் சொல்வதே முடிவு என்று கையெழுத்துப் போட்டோம்.

சில வருடங்களில் பிரிவது என்றாயிற்று. கடையைத் தானே வைத்துக்கொள்ளப் போவதாக அவள் சொன்னாள். விடமாட்டேன் என்றேன் நான். அந்தக் கடையை விட்டால் லண்டனில் எனக்கென்று வேறொன்றும் இல்லை.

அப்போதுதான் நடுவராக அண்ணையின் பெயரை எழுதியது நினைவுக்கு வந்தது. எனக்கு அண்ணையைத் தெரியும். கோயில் அன்னதானத்தில்கூட எங்கள் வீட்டாரைக் கடைசிப் பந்தியில்தான் இருத்துவார். தங்கச்சிக்குச் சாய்ந்துவிட்டார் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காகவே என்னைக் கைவிடுவார். அவளுக்கும் அது நன்றாகத் தெரிந்திருந்தது.

நடுவர் வேண்டாம் என்று கோர்ட்டுக்குப் போனேன். "உங்கட அண்ணை எண்டால் உங்கட பக்கம்தானே? அவ எல்லோ பயப்பட வேணும்?" என்று என் வக்கீலே கேட்டார். நீதிபதியும் அதைத்தான் கொஞ்சம் நாசூக்காகக் கேட்டார். எங்கள் சனத்தின் மானம் மரியாதையை அந்த வெள்ளைக்காரருக்கு எப்படி விளக்குவது? அண்ணன் என்று தெரிந்துதானே எழுதினீர்கள், எழுதியது செல்லும், முதலில் அவரிடம் போங்கள் என்று வழக்கை நிறுத்திவைத்தார். வெளியே வந்து பஸ் ஏறினேன்.

அண்ணை எங்கள் இருவரையும் தன் வீட்டு ஹாலில் இருத்தி, இரண்டு பக்கக் கதையையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு கடை அவளுக்கு என்றார். அழுதது அவள்தான். நான் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அண்ணை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்தினார்.

"கடை உனக்குத்தான் வந்திருக்க வேணும். எனக்குத் தெரியும்," என்றார். "உனக்குத் தந்திருந்தால் சனம் என்ன கதைக்கும், சொல்லு?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

"இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ, அண்ணை?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றார். போட்டேன்.