ஆடாமல் பிடித்த கொப்பு

வெடி விபத்துக்குப் பிறகு எங்கள் பட்டாசுக் கம்பெனிக்கு சீல் வைத்திருந்த சமயம். வேலை இல்லை. தாயில்பட்டிப் பக்கம் கண்மாய்க்கரையில் நீர்முள்ளிக் குருத்து கிள்ளிக்கொண்டிருந்தேன். முள்ளுக்குப் பயந்து ஆடுகூடக் கடிக்காத செடி. அப்போது எங்கள் வீட்டுக் குழம்பே அதுதான். அதன் ஊதாப் பூவெல்லாம் வண்ணத்துப்பூச்சி மொய்த்துக் கிடந்தது.

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் ஓர் அச்சகத்திலிருந்து கேமராவோடு ஒருவர் வந்தார்.

"அக்கா, காத்துல பூ ஆடுது. அந்தக் கொப்பைக் கொஞ்சம் ஆடாமப் பிடிங்க."

பிடித்தேன். முள் விரலில் இறங்கியது. அவர் கையோடு கொண்டுவந்திருந்த ஐஸ் பெட்டியைத் திறந்து, விறைத்துக் கிடந்த வண்ணத்துப்பூச்சி ஒன்றை எடுத்துப் பூவின்மேல் உட்காரவைத்தார்.

"இங்கன உசிரோட அம்புட்டுப் பறக்குதே, தம்பி?"

"அதுக சொன்னபடி உக்காராதுக்கா. குளிர்ல வச்சாத்தான் அசையாது."

படமெடுத்து முடிக்கும்வரை என் விரலில் ரத்தம் வழிந்தது. கையை எடுத்ததும் பூச்சி கீழே விழுந்தது, எறும்பு இழுத்துப்போனது. அவர் என் மடியிலிருந்த கீரையைப் பார்த்து, "இதையுமா திங்கிறீக?" என்று சிரித்துக்கொண்டே கிளம்பினார்.

கம்பெனி திறந்தபோது ஆளுக்கொரு காலண்டர் கொடுத்தார்கள். அதே படம்.

"உசிரோட இருக்கிற மாதிரியே இருக்குல்லம்மா?" என்றாள் மகள்.

பூ இருந்தது. செத்த பூச்சியும் இருந்தது. கொப்பைப் பிடித்திருந்த என் கையை மட்டும் வெட்டியிருந்தார்கள்.

அதிலிருந்து, அழகான படம் எதைக் கண்டாலும் நான் ஓரத்தைத்தான் பார்க்கிறேன்.