முனியப்பண்ணன் வைத்த கைநாட்டு

முனியப்பண்ணன் போய்விட்டார். காலையில் ஓசூரிலிருந்து அவர் மகன் போன் செய்தார். தொண்ணூறைத் தாண்டியவர்தான், ஆனாலும்...

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. தேன்கனிக்கோட்டை ரோட்டுப் பக்கம் ஒரு ஏரியின் மதகைத் திறந்து மூடும் நீர்கண்டி.

ஐம்பதுகளில் மழை ஏமாற்றி ஏரி காய்ந்து கிடந்தது. ஊரில் புதுக் கட்டடங்கள் எழும்பிய நேரம். ஏரியோரம் செங்கல் சூளை போட ஒரு பெரிய மனிதர் இடம் கேட்டார். எல்லை குறிக்க எங்கள் சர்வே பார்ட்டி போனது. நான் டெம்பரரி கிளார்க்.

வண்டல் வெடிப்பு முடியும் இடத்தில் கல் நடச் சொன்னார் ஆபீசர். முனியப்பண்ணன் எங்களை இன்னும் மேலே கூட்டிப்போய், மண்ணில் வெளுத்துக் கிடந்த நத்தை ஓடுகளைக் காட்டினார்.

“இது கெடக்கற வரைக்கும் ஏரி சார். மழ புடிச்சா தண்ணி இங்க வந்து நிக்கும்.”

ஆபீசர் காதிலேயே வாங்கவில்லை. மதியம் ஸ்டேட்மென்ட் எழுதினேன். அதில் நீர்கண்டியின் கைநாட்டு வேண்டும். அவருக்குப் படிக்கத் தெரியாது. நத்தை ஓடு வரைக்கும் ஏரி என்று வாசித்துக் காட்டினேன். எழுதியிருந்தது ஆபீசர் சொன்ன இடம். எனக்கு வேலை பர்மனென்ட் ஆக வேண்டும், அவ்வளவுதான் காரணம்.

நம்பி, கட்டைவிரலை அழுத்தினார். பிறகு வெயிலில் வந்திருக்கிறோமே என்று மோர் கொண்டுவந்தார். வெட்கமில்லாமல் அதையும் குடித்தேன்.

இரண்டு வருஷம் கழித்து மழை பிடித்தது. சூளைக்கூலிகளின் குடிசைகளுக்குள் ஏரி ஏறியது. ஒரு தாயும் கைக்குழந்தையும்... தூக்கிவந்து கரையில் கிடத்தியது அவர்தான்.

விசாரணையில் காகிதத்தைப் படித்தார்கள். எல்லையைக் காட்டியதே நீர்கண்டி என்று இருந்தது. மதகு வேலையைப் பிடுங்கினார்கள். சூளைக்காரரிடம் கை நீட்டிக் காசு வாங்கிவிட்டான் என்று ஊர் பேசியது. நான் அதே அறையில் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

பர்மனென்ட் ஆனேன்.

ரிட்டயர் ஆன பிறகு ஒரு நாள் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துவிட்டு அவரே வந்தார். சண்டைக்கு வரவில்லை.

“சார், அந்தக் காயிதத்துல நெஜமா என்னதான் எழுதியிருந்துச்சு?”

ஞாபகமில்லை அண்ணா என்றேன். தலையாட்டிவிட்டுப் பஸ் ஏறினார்.

பொய். ஒவ்வொரு எழுத்தும் ஞாபகமிருந்தது.

அவர் மகன் இதைப் படிப்பார். தம்பி, உங்கள் அப்பா யாரிடமும் கை நீட்டவில்லை. காகிதத்தை மாற்றி வாசித்தவன் நான்.

போய் வாருங்கள் அண்ணா...